கந்தசட்டியும் பாரணை முறையும்

ஐப்பசி அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறைப் பிரதமை தொடங்கிச் சட்டி ஈறாக ஆறு நாளும் முருகக்கடவுளை நினைந்து நோற்கப்படுவது கந்தசட்டி விரதம் என்பது யாவரும் அறிந்ததே. வன்மையுடையோர் ஆறு நாளும் அன்னம் ஒழித்து, மிளகும் நீருமேனும் சிறிது பாலும் பழமுமேனும் கொண்டு நோற்பர். மாட்டாதார் நாடோறும் ஒருபொழுது உண்டு நோற்பர். ஏழாம் நாளாகிய சப்தமியிலே பாரணை செய்து விரதத்தை நிறைவேற்றுவர்.

நுவரெலியா, ஹட்டன் முதலிய மலைநாட்டுத் தோட்டங்களிலே வாழும் நம்மவர் பலர், விடியலிலே பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மழையிலும் குளிரிலும் கொழுந்து பறித்து, மாலையிலே கோயிலை அடைந்து வழிபட்டு இவ்விரதத்தைக் காக்கின்றனர். விரதம் தொடங்கும் முறையை நம் உபாத்தியாயர்கள் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றார்கள். முடிக்கும் முறையைக் கற்பிப்பவர் மிகச் சிலரே. ஆறு நாள் காத்த உடம்பு ஏழாம் நாளில் இடருறாவண்ணம் காத்தலும் விரதத்தின் கூறேயாம். அதனை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கம்.

1. உபவாசத்தில் உடம்பு

நாம் உண்ணும் அன்னத்தின் மாச்சத்துச் சர்க்கரையாகி, ஈரலிலும் தசையிலும் ஓரளவு சேமிக்கப்படும். ஈரலிலுள்ள சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளிலே செலவாகிவிடும். பின்னர் உடம்பு தன் கொழுப்பையும், ஓரளவு தசையையும் எரித்து உயிர் காக்கும். சர்க்கரையை உயிரணுக்களுட் புகுத்துவதாகிய இன்சுலின் என்னும் சுரப்பு அப்பொழுது குறையும். பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் என்பனவும் உடம்பிலே படிப்படியாகக் குறையும். ஆயினும் குருதியைச் சோதிப்பின் அக்குறை புலப்படாதிருத்தலுங் கூடும். தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 உடம்பிலே மிகச் சிறிதளவே சேமிக்கப்படுவது. ஆதலின் அதுவும் விரைவிற் குறையும்.

2. பாரணையில் நேரும் இடர்

இந்நிலையிலே சோறும் பாயாசமும் சீனி மிகுத்த தேத்தண்ணீரும் ஒருங்கே வயிற்றை நிரப்புமாயின், இன்சுலின் விரைந்து சுரக்கும். குருதியில் எஞ்சியிருந்த பொஸ்பேற்று முதலியன உயிரணுக்களுள் ஈர்க்கப்பட, குருதியில் அவற்றின் அளவு சடுதியிற் குன்றும். சர்க்கரையை எரித்தற்குத் தயமினும் வேண்டப்படுதலின் அதுவும் அற்றுப்போகும். இவற்றால் இதயத்துடிப்புத் தடுமாறல், மூச்சுமுட்டல், கால்வீக்கம், தசைத்தளர்ச்சி, அறிவுமயக்கம், வலிப்பு என்பன தோன்றலாம். பெரும்பாலும் இவை மீண்டும் உண்ணத் தொடங்கிய முதற் சில நாட்களுள்ளே நிகழ்வன. நல்லுடல் வாய்ந்தோர்க்கு இவ்விடர் அரிது. அவர் மிகுதியாக உண்பின் வாந்தி, வயிற்றுவலி, கழிச்சல் என்பவற்றோடு ஒழியும். மெலிந்தார்க்கோ உயிர்க்கேடாதலுங் கூடும்.

நோன்பென்றும் பஞ்சமென்றும் உடம்பு வேறுபாடறியாது. 1945 ஆம் ஆண்டு ஜெர்மனியிலே பெல்சன் சிறைமுகாமை மீட்ட போர்வீரர், எலும்புந்தோலுமாய்க் கிடந்தோரைக் கண்டு இரங்கித் தம் கட்டுணவை அளித்தனர். அதனை உண்ட பலர் தாங்கமாட்டாது மாண்டனர். இரக்கம் நன்று, அளவறியாத இரக்கம் தீங்காயிற்று. இக்காலத்திலே, கடும்போசாக்கின்மையால் மெலிந்த குழந்தைக்கு 100 மில்லிலீற்றரில் 75 கலோரி மாத்திரமுள்ள பாலுணவை முதலிற் சிறிது சிறிதாக ஊட்டி, உடம்பு தேறியபின்னரே 100 கலோரியுள்ள பாலுணவுக்கு மாற்றுக என உலக சுகாதார நிறுவனம் விதித்திருப்பதும் இதுபற்றியே.

3. இடர் மிகுதியும் உடையார்

பிரித்தானியாவிலே 2006 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வைத்திய நெறிமுறை, இவ்விடருக்குரியாரை அறியும் அடையாளங்கள் சிலவற்றைக் கூறுகின்றது. ஐந்து நாளுக்கு மேலாக மிகச் சிறிதே உண்டமை ஒன்று. உயரத்துக்குத் தக்க நிறையின்மை ஒன்று. அண்மையில் உடல் பெரிதும் மெலிந்தமை ஒன்று. மதுப்பழக்கம், இன்சுலின், நீரிறக்கும் மருந்து முதலியன ஒன்று. இவற்றுள் இரண்டு ஒருவரிடம் கூடின் அவர் இடர் மிகுதியும் உடையார் என்க.

ஆறு நாளும் உண்ணாது நோற்றவரிடத்தே முதலடையாளம் அமைந்தேவிட்டது. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் 43 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடையளாயின் இரண்டாவதும் அமையும். நம் தோட்டங்களிலே அத்தகைய தாய்மார் அரியரல்லர். 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் மரணம் மிகுந்தமையை முதியோர் மறந்திலர். 2016 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை சுகாதாரக் கணிப்பிலும், தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவராய்க் காணப்பட்டனர். நாடு முழுவதற்கும் ஆறில் ஒருவரே அத்தகையர். சேமிப்புக் குறைந்த உடம்புடையார் நெடிது நோற்குங்கால் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

4. பாரணை முறை

நல்லுடலுடையார் ஏழாம், எட்டாம் நாட்களில் தாம் வழக்கமாக உண்ணும் அளவிற் பாதிக்கு மேற்படாது உண்க. அதனையும் ஐந்தாறு சிறுவேளைகளாகப் பகுத்துக்கொள்க. சுவாமிக்கு நிவேதித்தபின் முதலில் இளஞ்சூடான கஞ்சியோ பாலோ ஒரு சிறு கிண்ணம் அமையும். இரண்டு மணிநேரஞ் சென்று, குழைந்த சோறும் பருப்பும் ஒரு கைப்பிடி. பின்னர் ஒரு வாழைப்பழம் அல்லது மோர். ஒன்பதாம் நாள் முக்காற்பங்காகவும், பத்தாம் அல்லது பதினோராம் நாள் முழுவளவாகவும் பெருக்குக. முழுவளவுக்கு வந்தபின் குறைவூணிலே நின்றுவிடுதலும் பிழையாம். இழந்த தசையை மீட்டற்குப் பருப்பு, பயறு, பால், தயிர் என்பன நாடோறும் வேண்டும்.

பாலும் பருப்பும் பொஸ்பேற்றைத் தரும். வாழைப்பழம் பொட்டாசியத்தைத் தரும். கீரையும் பயறும் மக்னீசியத்தைத் தரும். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டிலுள்ள தயமினிற் சிறிது அரிசியினுட் புகுதலின், தீட்டிய பச்சரிசியினும் புழுங்கலரிசி சிறந்தது. பாயாசம், பலகாரம், சீனித் தேத்தண்ணீர் என்பன முதலிரு நாளும் சுவைக்கு மாத்திரம் அமைக.

ஒருபொழுது உண்டு நோற்றவர் முதல் நாள் அளவாக உண்டால் அமையும். மேலே கூறிய அடையாளம் இரண்டுடையார் தாமே பாரணை செய்யற்க. அவர்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 10 கலோரிக்கு மேற்படாது தொடங்கி, தயமினும் கொடுத்து, குருதியைச் சோதித்துப் பெருக்குதல் வைத்தியர் கடமை. சிறுநீரக நோயுடையாரும் நீரிழிவுடையாரும் வைத்தியரைக் கேட்டே நோற்க, கேட்டே முடிக்க.

5. உபாத்தியாயர் கடமை

பிரதமைக்கு ஒரு வாரம் முன்னரே இப்பாடத்தை வகுப்பிலே நடத்துக. மாணாக்கர் வாயிலாகவே இது லயங்களிலுள்ள தாய்மாரைச் சென்றடையும். சிறுவரும், கருவுற்றாரும், பாலூட்டுவாரும், நோயாளரும் முழுவுபவாசம் மேற்கொள்ளாவண்ணம் அன்போடு தடுக்க. ஒருபொழுது உண்பாரை அவர் விரதம் குறையுடையதென்று எவரும் இகழாதிருக்கச் செய்க. இகழ்ச்சிக்கு அஞ்சியே மெலிந்த பிள்ளைகள் தம் தளர்ச்சியை மறைக்கின்றனர். அத்தளர்ச்சியை முதலிற் காணும் கண் உபாத்தியாயருடையதே.

பாரணைக்குப் பின் மூச்சுமுட்டல், நெஞ்சுபடபடத்தல், கால்வீக்கம், மயக்கம் தோன்றின், களைப்பென்று படுக்கவிடற்க. உடனே 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவிக்க. அல்லது டிக்கோயா, நுவரெலியா முதலிய அண்மை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அங்கே, "இவர் ஆறு நாள் உண்ணாதிருந்தார், இன்ன நாளில் உண்ணத் தொடங்கினார்" என்று முதலிலே சொல்லுக. இச்சொல்லைக் கேளாத வைத்தியர் வேறு நோயென மயங்குதல் கூடும்.

உடம்பைப் பேணுதலும் நெறியென்பதைத் திருமூலநாயனார் திருமந்திரத்தில் உணர்த்தியருளினார். பசியை வென்ற ஆறு நாளும் தவமாயின், உண்ணும் ஆசையை அளவில் நிறுத்தும் ஏழாம் நாளும் எட்டாம் நாளும் தவமேயாம். இவ்வுண்மையை நம் பள்ளிகள்தோறும் பரப்புவோமாக.

வினாக்கள்

1. உபவாசத்தின்போது உடம்பில் குறைவன யாவை?
2. பாரணையில் மிகுதியாக உண்பதால் இடர் நேர்வது எங்ஙனம்?
3. வைத்தியரைக் கேளாது பாரணை செய்யலாகாதார் யாவர்?
4. உன் இல்லத்திலே ஆறு நாள் நோற்ற ஒருவர்க்கு ஏழாம் நாள் உணவை வேளைப்படி வகுத்து எழுதுக.