முதல் சீட்டில் உட்காரும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

குரூப் 4 தேறி, கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டாய். உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாழ்த்தை அன்றே சொல்லிவிட்டேன். இனி வேலையைப் பேசுவோம்.

சீட்டோடு ஒரு கட்டுக் கோப்பும் தருவார்கள். சார்ஜ் வாங்கும்போது நிலுவைக் கோப்புகளைத் தன்பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கூச்சப்படாதே. பதிவேட்டில் இருந்து கட்டில் இல்லாத காகிதம் நாளைக்கு உன் தலையில்தான் விடியும். வருகிற தபாலை அன்றன்றே பதிந்துவிடு. கண்காணிப்பாளருக்கு வேண்டியது, மேலே கேட்டால் சொல்ல ஒரு பதில். ஒரு கோப்பு தாமதமாகும் என்று தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல். திட்டினாலும் சின்னத் திட்டாக இருக்கும்.

குறிப்பு எழுதுவதில்தான் உன்னை எடைபோடுவார்கள். ஒரு கருணை நியமன மனு வருகிறது என்று வை. பணியில் இருந்தபோது இறந்தவரின் மகன் வேலை கேட்கிறான். முதலில் இரண்டு தேதியைப் பார்: அப்பா இறந்த நாள், மனு வந்த நாள். 3 ஆண்டுக்குள் இருக்கிறதா? அதைக் குறிப்பின் தொடக்கத்திலேயே எழுது. பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கல்விச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். எது குறைந்தாலும் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேள். இந்த மாதம் ஒன்று, அது வந்தபின் இன்னொன்று என்று துண்டுதுண்டாகக் கேட்டே கோப்பை ஓட்டுகிறவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்தேன். அதைச் சாமர்த்தியம் என்றுகூடச் சொல்லிக்கொள்வார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வந்து வராந்தாவில் நிற்பது அவர்கள் கணக்கில் வராது.

'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று மட்டும் எழுதி மேலே தள்ளாதே. விதி இது, முன்பு இப்படிச் செய்திருக்கிறோம், ஆகவே இப்படிச் செய்யலாம் என்று உன் கருத்தையும் எழுது. அதிகாரி வேறு மாதிரி முடிவெடுத்தால் முகம் சுருங்க வேண்டாம். அது அவர் பொறுப்பு. இன்னொன்று, 2005 தகவல் உரிமைச் சட்டம் வந்தபின் அந்தக் குறிப்புத் தாளையும் மனுதாரர் நகல் கேட்கலாம். கோபத்தில் ஒரு வார்த்தைகூட அதில் விழக்கூடாது.

பதிவறை எழுத்தரையும் அலுவலக உதவியாளரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுப் பழகு. இருபது வருடத்துக் கோப்பு எந்த அலமாரியில் கிடக்கிறது என்பது கலெக்டருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். டீ நேரத்தில் யாருக்கு மாறுதல், யார் எந்தச் சாதி என்று பேச்சு ஓடும், குடித்துவிட்டு எழுந்துவிடு. மனுதாரர் வாங்கித் தருகிற டீ மட்டும் வேண்டவே வேண்டாம்.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். தாராளமாக எடு. அவசரக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பக்கத்துச் சீட்டில் சொல்லிவிட்டுப் போ, அது போதும்.

பதவி உயர்வு பணிமூப்புப்படி தானாக வரும் என்று நம்பி உட்காராதே. துறைத் தேர்வு மே மாதமும் டிசம்பரிலும் நடக்கிறது. குரூப் 4-க்குப் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடு. தேறாமல் இருந்தால், உனக்குப் பின்னால் சேர்ந்தவர் உதவியாளராகி உன் கோப்பையே திருத்துவார். பவானிசாகர் பயிற்சிக்கு உத்தரவு வந்தால் தள்ளிப்போடாமல் கிளம்பு. வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே வருவார்கள். விதியில் சந்தேகம் வந்தால் பிற்காலத்தில் போன் போட்டுக் கேட்க ஆள் இருக்கும்.

ஊரார் கோப்பையெல்லாம் பார்க்கிற நாம், நம்முடைய பணிப்பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நீ வருடம் ஒரு முறை கேட்டுப் பார். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, துறைத் தேர்வுத் தேர்ச்சி எல்லாம் ஏறியிருக்கிறதா? பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதையும் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்கி வை.

அன்புடன்,
சித்தப்பா