எல்லை ஊர்களும் வங்கிப் புள்ளி விவரங்களின் பொது மொழியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் 1956 நவம்பர் 1ஆம் நாள் முதல் ஒன்று கேரளத்திலும் மற்றது தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலமும் உறவும் வியாபாரமும் எல்லையின் இரு புறத்தும் பரவிக் கிடப்பதால் கடனும் அவ்வாறே பரவியுள்ளது. களியக்காவிளைப் பகுதி விவசாயி பாறசாலை வங்கிக் கிளையில் கடன் பெறுவதும், பாலராமபுரம் கைத்தறி வியாபாரி குமரி மாவட்டக் கிளையில் கணக்கு வைப்பதும் அங்கு இயல்பானவை. இத்தகைய ஊர்களின் வங்கிப் பணியை மத்திய வங்கி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பது ஆராயத் தக்கதாகும்.

அறிந்துகொள்ள வேண்டிய தேவையை இப்பகுதியின் வரலாறே காட்டுகிறது. 1937இல் இரு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி அடுத்த ஆண்டே வீழ்ந்தது. 1960 ஆகஸ்டில், அன்று கேரளத்தின் மிகப் பெரிய வங்கியாக விளங்கிய பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அவ்வதிர்ச்சியின் விளைவாகவே 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை அளிக்கப்பட்ட காப்பு, 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாயாக உள்ளது. வங்கி விழுந்த பின் இழப்பை ஈடு செய்யக் காப்புறுதி உதவும். விழுமுன் அறியக் கணக்கு விவரம் உரிய காலத்தில் கிடைத்தாக வேண்டும்.

இவ்வகையில் முதற்பெரும் முயற்சி 1972 டிசம்பரில் தொடங்கிய அடிப்படைப் புள்ளி விவர அறிக்கை முறையாகும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரே சீரான குறியீட்டு எண் தரப்பட்டது. கடன் எத்தொழிலுக்குச் சென்றது, வட்டி விகிதம் என்ன என்பவற்றைக் குறியீடுகளால் எழுதும் வழக்கம் வந்தது. எல்லை ஊர்களுக்கு இம்முறையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கடன் வழங்கிய இடம் வேறு, அது பயன்படும் இடம் வேறு என்று இரண்டும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. பாறசாலைக் கிளை களியக்காவிளை ரப்பர்த் தோட்டத்துக்குக் கொடுத்த கடன், வழங்கிய இடத்தைக் கொண்டு எண்ணினால் கேரளத்தின் கணக்கில் நிற்கும். பயன்படும் இடத்தைக் கொண்டு எண்ணினால் தமிழ்நாட்டின் கணக்கில் சேரும். கிளை எழுத்தர் இரண்டாம் கட்டத்திலும் தம் ஊரின் குறியீட்டையே எழுதிவிட்டால் இரு மாவட்டங்களின் படமும் பிழைபடும். இரு மாவட்டங்களுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியே. ஆயினும் மாநில வங்கியாளர் குழு கேரளத்தில் கனரா வங்கியாலும் தமிழ்நாட்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியாலும் கூட்டப்படுவதால் இப்பிழை இரண்டு மேசைகளைச் சென்றடைகிறது.

வரையறையும் சிக்கல் தருவதுண்டு. மக்கள்தொகை 10,000க்குக் குறைந்த இடத்தின் கிளை கிராமக் கிளை. 10,000 முதல் ஒரு லட்சத்துக்குள் இருப்பின் சிறுநகரக் கிளை. கேரளத்தின் வருவாய்க் கிராமங்களோ பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டியவை. ஆகவே தென்னையும் மரச்சீனியும் சூழ்ந்த ஊரின் கிளைகூடச் சிறுநகரக் கிளையாகவே பதிவாகிறது. கேரளத்தில் கிராமக் கிளைகள் வியப்பூட்டும் அளவு குறைவாகத் தெரிவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அட்டவணையை மட்டும் பார்க்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தாளில் நிரப்பிய படிவம் நெகிழ்தட்டுக்கும் பின்னர் மின்னஞ்சலுக்கும் மாறியபோதும், கிளையில் ஒருவர் எண்களைத் திரட்டித் தட்டச்சு செய்யும் நிலை நெடுநாள் நீடித்தது. மையக் கணினி வங்கி முறை பரவிய பின், 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி தானியங்கித் தரவுப் பாய்வு குறித்த அணுகுமுறை ஆவணத்தை வெளியிட்டது. வங்கியின் கணினியிலிருந்து மனிதக் கை இடையே புகாமல் விவரம் நேரே ரிசர்வ் வங்கியைச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு வாகனமாக அமைந்தது எக்ஸ்.பி.ஆர்.எல். எனப்படும் வணிக அறிக்கை மொழி. இந்தியாவில் 2008இல் மூலதனப் போதுமை அறிக்கையில் இது முதலில் புகுந்தது. அமெரிக்க வங்கிகள் 2005 முதலே காலாண்டு அறிக்கையை இம்மொழியில் அனுப்பி வந்தன.

இம்மொழியின் அடிப்படை எளிது. ‘120’ என்ற எண் தனியே நின்றால் பொருளற்றது. அது வாராக் கடன், அலகு லட்சம் ரூபாய், நாள் மார்ச் 31, வங்கி இன்னது என்று நான்கு அடையாளச் சீட்டுகள் அதனுடன் ஒட்டப்படுகின்றன. சீட்டுகளின் சொற்களை வங்கிகள் தம் விருப்பம்போல் ஆக்க இயலாது. ரிசர்வ் வங்கி வகுத்த அகராதியிலிருந்தே எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை பொருந்தாவிடில் அறிக்கை வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும். ஒருமுறை அனுப்பிய எண்ணைப் பல அறிக்கைகளுக்கும் பயன்படுத்தலாம். 2023 ஜூனில் தொடங்கிய மையத் தகவல் மேலாண்மை அமைப்பு இவ்வழியில் அடுத்த கட்டமாகும்.

எனினும் கூட்டல் சரியாக இருப்பதாலேயே விவரம் உண்மையாகிவிடாது. நகைக் கடனை எடுத்துக்கொள்வோம். வளையலை ஈடு வைப்பவர் வாழைத் தோட்டத்துக்குப் பணம் கேட்கிறாரா, மகளின் திருமணத்துக்குக் கேட்கிறாரா என்பதைக் கிளை முகப்பில் இருப்பவர்தான் பதிவு செய்கிறார். வேளாண்மைக்கு 18 சதவிகித இலக்கு இருக்கையில், ஐயத்துக்கிடமான கடன் எப்பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 2019இல் வெளியான பஞ்சாப் மகாராஷ்டிர கூட்டுறவு வங்கி மோசடி இதினும் கடுமையான பாடம்: ஒரே கடனாளிக் குழுவின் கடன்களை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் விவரங்களில் காட்டப்பட்டிருந்தன. ஆகவே நேரடி ஆய்வைக் கைவிட்டு மின்னணு அறிக்கையை மட்டும் நம்புதல் தகாது. எங்கே ஆய்வு செய்வது என்பதைச் சுட்டவே அது மிகவும் பயன்படும்.

இவற்றினும் பெரிய இடைவெளி ஒன்று எல்லைக் கிராமங்களில் உள்ளது. கேரள ஊர்தோறும் ‘சர்வீஸ் சககரண பாங்க்’ என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். மக்கள் வங்கி என்றே கருதிச் சேமிப்பை அங்கு இடுகின்றனர். சட்டப்படி இவற்றுள் பெரும்பாலானவை தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தாது. மேற்சொன்ன அறிக்கை எதுவும் இவற்றிலிருந்து ரிசர்வ் வங்கிக்குச் செல்வதில்லை. 5 லட்சம் ரூபாய்க் காப்புறுதியும் இல்லை. மாநில அரசின் தனி வைப்பு உத்தரவாதத் திட்டம் மட்டுமே உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அடிப்படையில், சங்கங்கள் ‘வங்கி’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் எச்சரித்தபோது கேரள அரசு அதனை எதிர்த்தது.

கூட்டுறவுச் சங்கம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆதலால் இங்கு பொது அறிக்கை மொழியைப் புகுத்தும் பொறுப்பு முதலாவதாக மாநிலக் கூட்டுறவுத் துறையைச் சார்ந்தது. 63,000 சங்கங்களை ஒரே மென்பொருளில் இணைக்க மத்திய அரசு 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. மென்பொருள் எதுவாயினும், வைப்பு, கடன், தவணை தவறிய தொகை என்னும் மூன்றுக்கேனும் வணிக வங்கிகளுக்குரிய அதே வரையறைகளை மேற்கொள்வது இயலக்கூடியதே. அதுவரை பாறசாலையில் ஒரே வீதியில் உள்ள இரு நிறுவனங்களுள் ஒன்றின் வாராக் கடன் மும்பையில் காலாண்டுதோறும் தெரியவரும். மற்றதன் நிலை தணிக்கையாளர் வரும் நாளில்தான் தெரியும்.