நாம் பார்க்காத புலியும் நம்ம ஊருக்கு வரும் தண்ணீரும்

ஜூலை 29 உலகப் புலிகள் தினம். அதனால் இந்த முறை அறிவியல் பக்கத்துக்குப் புலியைப் பற்றி எழுது என்று டீச்சர் சொன்னார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் நீளமாகிவிட்டது. இன்டர்வெலில் பாதி, சாப்பாட்டு மணிக்குப் பிறகு மீதி என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? மயிலாடுதுறையில் செம்மங்குளம் பக்கம் ராத்திரி ஒரு விலங்கு தெருவில் நடந்து போனது கேமராவில் பதிவாகிவிட்டது. நம்ம பூவம் வரைக்கும் "புலி வந்துடுச்சு, புலி வந்துடுச்சு" என்று ஒரே பேச்சு. எங்கள் அப்பாயி விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அங்கே சில பள்ளிக்கூடங்களுக்கு லீவு கூட விட்டார்கள். (நமக்கு விடவில்லை!) வனத்துறை கூண்டு வைத்தது, கேமரா வைத்தது. அது சிக்கவே இல்லை. பிறகு அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் தெரிந்ததாகப் பேப்பரில் வந்தது.

அது புலி இல்லை, சிறுத்தை. புலிக்கு உடம்பில் கோடு இருக்கும். சிறுத்தைக்குப் பூப்பூவாகப் புள்ளி இருக்கும். சிறுத்தை சின்னது, மரம் ஏறும், ஊர் ஓரமாகவே ஒளிந்து நாய், ஆடு பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும். புலிக்கு அது போதாது. கடமான், புள்ளிமான், காட்டுமாடு என்று பெரிய இரை வேண்டும். ஒரு புலிக்கு வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய விலங்கு வேண்டுமாம். அந்த 50 கிடைக்க வேண்டுமென்றால் அந்தக் காட்டில் அதைப்போலப் பத்து மடங்கு, அதாவது 500 மான் மாடு இருக்க வேண்டும். அத்தனைக்கும் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். அதனால்தான் ஒரு புலிக்கு அவ்வளவு பெரிய காடு.

நம்ம பக்கத்தில் புலி பேரில்தான் இருக்கிறது. சோழர் கொடியில் புலி. சிதம்பரத்துக்குப் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். இப்போது இங்கே வயலும் கடலும்தான். நிஜப் புலியைப் பார்த்தவர் எங்கள் வகுப்பில் இரண்டே பேர், அதுவும் வண்டலூரில்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்திலும் ராஜாக்கள் காலத்திலும் புலி வேட்டை ஒரு பெருமை. சுட்டுவிட்டு அதன்மேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். காட்டை அழித்து எஸ்டேட்டும் போட்டார்கள். 1972ல் எண்ணிப் பார்த்தபோது இந்தியா முழுக்க 1827 புலிதான் என்று கணக்கு வந்தது. அந்த வருஷமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1ஆம் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கினார்கள். முதலில் 9 காப்பகம். அதில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது கர்நாடகாவில் உள்ள பந்திப்பூர்.

அப்போதெல்லாம் புலியைக் கால்தடம் பார்த்து எண்ணினார்கள். கண்ணாடியை வைத்துத் தடத்தை வரைவது, சுண்ண மாவு ஊற்றி அச்சு எடுப்பது. ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரி, காய்ந்த மண்ணில் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடலாம். அதைவிட மோசமானது, எண்ணாமலே எழுதிவிடலாம். ராஜஸ்தானில் சரிஸ்கா என்ற காப்பகத்தில் அப்படித்தான் ஆனது. தாளில் புலி இருந்துகொண்டே இருந்தது. 2005ல் போய்த் தேடினால் ஒன்றுகூட இல்லை. திருட்டு வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கும், ஆள் கொல்லைப்பக்கம் வெளியே போயிருக்கும் இல்லையா, அதுமாதிரி. (யாரையும் சொல்லவில்லை.)

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அமைத்தார்கள். எண்ணும் முறையையும் மாற்றினார்கள். இப்போது காட்டுப் பாதையில் இரண்டு பக்கமும் எதிரெதிராக மரத்தில் கேமரா கட்டிவிடுகிறார்கள். விலங்கு கடந்து போனால் தானாகப் படம் எடுக்கும். ஏன் இரண்டு கேமரா என்று நான் கேட்டேன். புலிக்கு இடது பக்கக் கோடு வேறு, வலது பக்கக் கோடு வேறாம்! நம்ம கைரேகை மாதிரி ஒரு புலியின் கோடு இன்னொரு புலிக்கு இருக்காது. ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு இது இந்தப் புலி, அது வேறு புலி என்று பிரிக்கிறார்கள்.

இந்தப் புது முறையில் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த கணக்கு இது. 2006ல் இந்தியாவில் 1411. 2010ல் 1706. 2014ல் 2226. 2018ல் 2967. 2022 கணக்கில் 3682. உலகத்தில் காட்டில் வாழும் புலிகளில் நான்கில் மூன்று பங்கு நம் நாட்டில்தான். 2010ல் ரஷ்யாவில் 13 நாடுகள் கூடி, 2022க்குள் புலியை இரண்டு மடங்காக்குவோம் என்று உறுதி எடுத்தன. நேபாளம் 121ல் இருந்து 355 ஆக்கிக் காட்டியது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் நாடுகளின் காட்டில் புலியே இல்லாமல் போய்விட்டது. ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து உறுதி எடுத்தவர்கள்தான் எல்லோரும்.

தமிழ்நாட்டுக் கணக்கு 2006ல் 76, 2022ல் 306. நான்கு மடங்கு! இதில் கொஞ்சம் கேமரா கூடினதால் தெரிந்த புலியும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கூடியது நிஜம். களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிப்புத்தூர் மேகமலை என்று ஐந்து காப்பகம் இருக்கிறது. ஆனால் 306 என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புலி மொத்தமும் காலைப் பிரேயருக்கு வந்து வரிசையில் நின்றால் நம்ம கிரவுண்டே போதும்.

இதில் எனக்கு ஆச்சரியம் சத்தியமங்கலம்தான். வீரப்பன் ஒளிந்திருந்த காடு அது. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்படும் வரை அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். 2008ல் சரணாலயம், 2013ல் புலிகள் காப்பகம் ஆனது. சில வருஷத்திலேயே புலிகள் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டன என்று 2022ல் உலக அளவில் விருது கொடுத்தார்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. விலங்குகள் அடிபடுகின்றன என்று நீதிமன்றம் சொல்லி, 2022 பிப்ரவரியில் இருந்து ராத்திரி வண்டிக்குத் தடை. அந்தக் காட்டுக்குள் ஊராளி, சோளகர் மக்கள் காலங்காலமாக இருக்கிறார்கள். காப்பகம் என்றதும் எங்களைக் கிளப்பிவிடுவீர்களா என்று அவர்கள் பயந்ததும் நியாயம்தான். அந்தப் பக்கத்து மலையான பிலிகிரிரங்கன் மலையில் 2011ல் சோளகருக்குக் காட்டு உரிமை கொடுத்தார்கள். அங்கேயும் புலி இருக்கிறது, அவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வரேன். சத்தியமங்கலத்துக்கும் பூவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே மாயாறு ஓடுகிறது. அது சத்தியமங்கலம் காட்டின் வழியாக வந்து பவானிசாகர் அணையில் விழுகிறது. பவானி ஆறு பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அந்தப் பக்கம் வயநாட்டில் இருந்து வரும் கபினி, நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டி ஓடிக் காவிரியில் சேர்ந்து மேட்டூருக்கு வருகிறது. எல்லாம் ஒன்றாகி முக்கொம்பு, கல்லணை தாண்டி, பல ஆறாகப் பிரிந்து, கடைசியாக நம்ம நண்டலாற்றுக்கும் அரசலாற்றுக்கும் வருகிறது. சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் தினமும் பார்க்கிறோமே, அந்த நண்டலாறுதான். நாம் கடைமடை. நம்ம புதுச்சேரி மாநிலத்துக்குக் காவிரியில் ஒதுக்கியது 7 டி.எம்.சி. அதில் சொட்டுக் குறைந்தாலும் முதலில் காய்வது நம்ம வயல்.

காவிரித் தண்ணீர் எல்லாமே புலிக்காட்டுத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. புலி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரவும் இல்லை. புலி இருப்பதால் அந்தக் காட்டில் ரோடு, குவாரி, ரிசார்ட் என்று நினைத்தபடி போட முடியாது. காடு இருந்தால் மழைத்தண்ணீரை மண் பிடித்து வைத்து மெதுவாக விடும். மொட்டை மலை என்றால் ஒரே நாளில் வெள்ளமாக வந்து கடலுக்குப் போய்விடும். அப்புறம் மாசியில் ஆறு மணலாகக் கிடக்கும்.

இனி எழுதப்போவதுதான் நான் ரொம்ப நேரம் யோசித்தது.

நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் 2023 செப்டம்பரில் இரண்டு புலி செத்துக் கிடந்தன. ஒரு மாட்டின் உடலில் விஷம் இருந்தது. புலி அடித்த தன் மாட்டின்மேல் விஷம் வைத்ததாக மாட்டுக்காரரைக் கைது செய்தார்கள். 2025 ஜூனில் கர்நாடகாவில் மாதேஸ்வரன் மலையில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. அதுவும் விஷம் வைத்த மாடுதான். மாதேஸ்வரன் மலை மேட்டூருக்குப் பக்கம், சத்தியமங்கலம் காட்டுக்கும் பக்கம். ஒரு தாய்ப்புலி குட்டிகளை இரண்டு வருஷம் கூடவே வைத்து வேட்டை கற்றுக்கொடுக்கும். அந்த இரண்டு வருஷமும் ஒரே மாட்டோடு போய்விட்டது.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது.

போன மாசி மாசம் தெருநாய்கள் ராத்திரி கொட்டகைக்குள் புகுந்து எங்கள் சினை ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டன. காலையில் அம்மா பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதைக் குட்டியோடு விற்று அக்காவின் காலேஜுக்குக் கட்டலாம் என்று வைத்திருந்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்து வந்தார். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்பாயிதான் குறுக்கே வந்து, "ஏண்டா, ஆட்டத் தின்ன நாயி மட்டுந்தான் வந்து திங்குமா? காக்கா திங்கும், கீரி திங்கும், நம்ம வீட்டுக் கோழி கொத்தும். குழி வெட்டிப் புதைடா" என்றார்கள். அப்பா ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மம்பட்டியை எடுத்தார். அந்த ஆட்டுக்கு யாரும் இழப்பீடு தரவில்லை.

எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. அந்த மாட்டுக்காரர்களும் அன்று காலையில் எங்கள் அப்பா மாதிரிதான் நின்றிருப்பார்கள். குறுக்கே வர அப்பாயி இல்லை. அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஐந்து உயிர் போனது. ஆனால் புலி மாட்டை அடித்தால் அரசு பணம் தரும் என்று விதி இருக்கிறது. அந்தப் பணம் கோபம் ஆறுவதற்குள் வர வேண்டும். மனு கொடுத்து, போட்டோ கொடுத்து, டாக்டர் சான்று வாங்கி, ஆறு மாசம் கழித்து வந்தால், விஷம் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடும். கேமராவுக்குச் செலவு செய்கிற மாதிரி இதற்கும் வேகமாகச் செலவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இதோடு டி 23 பற்றியும் சொல்ல வேண்டும். 2021ல் கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி அது. சுட்டுவிடு என்று மக்கள் கேட்டார்கள். உயர்நீதிமன்றம் உடனே சுட வேண்டாம் என்றது. கும்கி யானை, நாய், டிரோன் எல்லாம் வைத்து 21 நாள் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். இதை வகுப்பில் பேசியபோது பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் சுட்டிருக்க வேண்டும் என்றார்கள். "செத்தவங்க வீட்டுல போய்ச் சொல்லிப் பாரு" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பேர் போட்டு எழுதுங்கள், கிறுக்காதீர்கள்.

கீழே மாயாற்றில் இருந்து நண்டலாறு வரைக்கும் வரைபடம் வரைந்திருக்கிறேன். நீலக் கோடு ஆறு. மஞ்சள் பொட்டு புலிக்காடு. காட்டுக்குப் பச்சை அடிக்கும்போது ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டது, அதனால் சத்தியமங்கலம் பாதிதான் பச்சையாக இருக்கும். மீதியும் காடுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி