நாவல் தோப்பு

சேலத்திலிருந்து தெற்கு நோக்கி நாமக்கல்லுக்குச் செல்வோர், இடப்புறத்தே போதமலையும் அதனையடுத்துக் கொல்லிமலையும் தொடர்ந்து வரக் காண்பர். மலையடிவாரம் தொடங்கிக் காவிரிக்கரை வரையிலும் பரந்து கிடப்பது பெரும்பாலும் செம்மண் சமவெளி. மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் புன்செய்களும், நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகளும், கிளுவை வேலி சூழ்ந்த தோட்டங்களும் அங்கே மிகுதி. மழையோ குறைவு, நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் அளவே பெய்யும். கிணறு வற்றினால் பயிர் வாடும். பயிர் வாடினால் கடன் ஏறும்.

இச்சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலமுடைய உழவர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாட்டனார், தந்தை, தாய், கல்லூரிப் படிப்பை முடித்த மகன், பள்ளியில் பயிலும் மகள் என அக்குடும்பத்தில் ஐவர். மரவள்ளிக் கிழங்கின் விலை ஓராண்டு ஏறுகிறது. மறு ஆண்டு வீழ்கிறது. களையெடுக்கக் கூலியாள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஆகவே, அவர்கள் நிலத்தைப் பழத்தோட்டமாக்க எண்ணுகின்றனர். நகரத்துக் கடையொன்றில் புளூபெர்ரி என்னும் அயல்நாட்டுக் கரு நீலப் பழம் சிறிய பெட்டியில் பெருவிலைக்கு விற்கப்படுவதை மகன் கண்டிருக்கின்றான். அந்நாடுகளில், வாங்குவோரே குடும்பத்தோடு தோட்டத்திற்கு வந்து, தம் கையாலேயே பழம் பறித்து, எடைக்கு ஏற்ப விலை கொடுத்துச் செல்வர் என்றும் கேட்டிருக்கின்றான். அப்பழத்தையே நாமும் வைப்போம் என்பது அவன் கருத்து. பாட்டனார் மறுக்கவில்லை. “மண்ணைக் கேட்டாயா, தம்பி?” என்று மட்டும் வினவுகின்றார்.

அவ்வினாவின் பொருளை அறிய, அப்பழத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். தமிழில் அதற்கு அவுரிநெல்லி என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அஃது அவுரியும் அன்று, நெல்லியும் அன்று. நிறத்தால் அவுரியையும் உருவத்தால் நெல்லியையும் நினைந்து யாரோ அமைத்த பெயர் போலும்! அமெரிக்காவில் நெடுங்காலம் அது காட்டுப் புதராகவே இருந்தது. தோண்டிக் கொணர்ந்து வயலில் நட்டால், உரமிட்ட நல்ல மண்ணிலும் அது நலிந்தது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அந்நாட்டு வேளாண்மைத் துறையில் தாவரவியல் அறிஞராயிருந்த பிரெடெரிக் கோவில் என்பவர் ஆராய்ந்து, இச்செடிக்குப் புளிப்பு மண்ணே வேண்டும் என்பதைக் கண்டறிந்து, 1910-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் வைட்ஸ்பாக் என்னும் ஊரில் கிரான்பெர்ரிப் பண்ணை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் எலிசபெத் வைட் அம்மையார். அவர் அவ்வெளியீட்டைப் படித்தார். தம் நிலம் மணற்பாங்கானது, புளிப்பு மிக்கது, பிறர் பயனற்றதென ஒதுக்குவது என்பதை அவர் அறிவார். மண்ணின் குறை என்று கருதியதே இச்செடிக்கு வேண்டிய குணமாக இருக்கக் கண்டு, 1911-இல் கோவிலைத் தம் பண்ணைக்கு அழைத்தார். காட்டில் பழம் பறித்துப் பழகிய அயலவரிடம் துளையிட்ட அளவுகருவியைக் கொடுத்து, ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள அத்துளையில் நுழையாத பெரும்பழம் தரும் புதர்களைத் தேடச் செய்தார். கண்டவருக்குப் பொருள் கொடுத்ததோடு, புதருக்கு அவர் பெயரையும் இட்டார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர் ‘ரூபெல்’ எனப் பெயர் பெற்றது. 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது. உலகெங்கும் இன்று பயிராகும் புளூபெர்ரித் தோட்டங்களுக்கு முன்னோடி அக்குடும்பப் பண்ணையே.

இனிச் சேலம், நாமக்கல் மண்ணைக் காண்போம். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்க 0 முதல் 14 வரையுள்ள அளவு ஒன்று உண்டு. அதில் 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, மிகுந்தால் காரம். புளூபெர்ரிக்கு வேண்டியது 4.5 முதல் 5.5 வரையிலான மண். இச்சமவெளியின் மண்ணோ பெரும்பாலும் நடுநிலையிலோ காரத்தின் பக்கமோ நிற்பது. கடப்பாறையை இறக்கினால் பலவிடங்களில் சுக்கான்கல் தட்டுப்படும். அக்கல்லின்மேல் நீர்த்த அமிலத்தைச் சில துளி விட்டால் நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே சான்று. சேலத்தின் அருகே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகளுக்குச் சுண்ணாம்புக் கரடு என்றே பெயர். இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் புளூபெர்ரியின் வேர் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. இலை நரம்பு மட்டும் பசுமையாய் நிற்க, எஞ்சிய பகுதி வெளுத்துச் செடி மெல்ல மாயும். மண்ணைத் தொட்டியில் மாற்றி நிரப்பலாம் என்பாரும் உளர். ஆயினும், பாய்ச்சும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கலந்திருக்குமன்றோ? மேலும், வடபுலத்துப் புளூபெர்ரி வகைகள் பூப்பதற்கு முன், 7 பாகைக்கும் தாழ்ந்த குளிரில் 800 முதல் 1,000 மணி நேரம் உறங்குதல் வேண்டும். மார்கழி இரவிலும் சேலத்துச் சமவெளி அத்துணைக் குளிர்வதில்லை. குறைந்த குளிரே போதும் என்னும் புதுவகைகள் உள. அவற்றையும் மண் விடாது.

அயலிலிருந்து வந்த பயிர் எதுவும் நம் நாட்டில் வேரூன்றாது என்று இதனால் கொள்ளலாகாது. சேலம் ஆட்சித் தலைவராயிருந்த காக்பர்ன் என்பார் 1820-களில் ஏர்க்காட்டில் காப்பியைக் கொணர்ந்து நட்டார். மலை அதனை ஏற்றுக்கொண்டது. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் புளூபெர்ரியின் இனத்தைச் சார்ந்த சிறு மரங்கள் இயல்பாகவே வளர்கின்றன. அங்கே மண் புளிப்பு, காற்றுக் குளிர்ச்சி. மலைக்கு இசைந்தது சமவெளிக்கு இசையவில்லை, அவ்வளவே.

மண் ஆய்வுக்கூடத்தின் முடிவு கைக்கு வந்தபின் மகன் சோர்ந்திருக்கின்றான். அப்போது பாட்டனார் அவனை நிலத்தின் கீழைக் கோடியிலுள்ள ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே நிற்கின்றது, எவரும் நடாமல் தானே முளைத்த நாவல் மரம். அதன் கனியும் கரு நீலம். அதுவும் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. தின்றவர் நாவை நீலமாக்குவது. இரண்டும் உறவுடையன அல்ல. நாவல், கொய்யாவும் கிராம்பும் சேர்ந்த குடும்பத்தது. ஆயினும் உழவன் நோக்கில் அவை பெரிதும் ஒத்தவை. நாவல் வறட்சியைத் தாங்கும். சற்றே காரமும் உவரும் கலந்த நிலத்தைப் பொறுக்கும். சில நாள் நீர் தேங்கினும் அழியாது.

தமிழர்க்கு இம்மரம் புதியதும் அன்று. நம் முன்னோர் இப்பெருநிலத்தையே நாவலந்தீவு என்றனர். திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். நற்றிணையின் 35-ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் அரிய காட்சியைக் காட்டுகின்றார். கடற்கரை மணலில் நாவற்கனி வீழ்ந்து கிடக்கின்றது. தும்பிகள் அதனைத் தம் இனம் என்று எண்ணி மொய்க்கின்றன. அங்கு வந்த நண்டு, தும்பியைக் கனி என்று எண்ணிப் பற்றுகின்றது! கனியின் நிறத்தை இதனினும் நுட்பமாக எவ்வாறு கூறுவது?

குடும்பம் நாவலைத் தேர்ந்தது. ஆனால் வாங்குவோரே வந்து பறிக்கட்டும் என்ற மகனின் எண்ணம் கைவிடத்தக்கதன்று. புளூபெர்ரியை விட நாவலுக்கே அது மிகப் பொருந்தும். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்க வைக்கலாம். நாவற்காய் பறித்தபின் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் ஒன்று கனிந்திருக்க, மற்றொன்று செங்காயாகவும் பிறிதொன்று பச்சையாகவும் இருக்கும். ஆதலால், கனிந்ததை மட்டும் நாள்தோறும் ஒவ்வொன்றாகக் கொய்தல் வேண்டும். கொய்தபின் மூன்று நான்கு நாளுக்குமேல் அது தாங்காது.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு ஏக்கரில், வழிக்கும் கிணற்றுக்கும் இடம் விட்டு, 8 மீட்டர் இடைவெளியில் 100 ஒட்டுக்கன்றுகள் நடலாம். முழு வளர்ச்சியுற்ற ஒட்டுமரம் ஆண்டுக்கு 60 முதல் 70 கிலோ வரை தரும் என்பர். மரத்தைத் தாழ்வாக வெட்டி வளர்ப்பதனால் 40 கிலோ என்றே கொள்வோம். நூறு மரத்திற்கு 4,000 கிலோ. பழக்காலம் 40 நாள் எனின், நாளொன்றுக்கு 100 கிலோ. ஒரு பழம் 10 கிராம் என்றால், ஒவ்வொரு நாளும் 10,000 பழங்களைக் கையால் கொய்தாக வேண்டும்! ஐவர் உள்ள குடும்பத்தால் இஃது இயலுமா? கூலிக்கு ஆள் வைத்தால் விலையில் பெரும்பகுதி கூலிக்கே போய்விடும். அமெரிக்காவில் 1930-களிலும் 1940-களிலும் விளைபொருள் விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாத நிலை வந்தபோதுதான், தோட்டக்காரர் பலர் வாயிலைத் திறந்து வாங்குவோரையே பறிக்க அழைத்தனர். அங்கு முதலில் அது விருந்தன்று. நெருக்கடியில் கண்ட வழி.

இனி, காத்திருத்தல் என்பதே பெரும் இடர். கொட்டையிலிருந்து முளைத்த நாவல் காய்க்க 8 முதல் 10 ஆண்டு செல்லும். ஒட்டுக்கன்று 4 அல்லது 5 ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நிறைந்து காய்க்க மேலும் சில ஆண்டு ஆகும். குஜராத்திலுள்ள கோத்ரா ஆய்வு நிலையம் மானாவாரி நிலத்திற்கெனத் தேர்ந்தளித்த ‘கோமா பிரியங்கா’ போன்ற வகைகளும் இன்று உள்ளன. அதுவரை குடும்பம் எதை உண்பது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். கடன் பெற்று நிலம் முழுதும் மரம் வைத்து, மூன்றாம் ஆண்டில் வட்டி கட்ட வழியின்றி, கன்றோடு நிலத்தையும் விற்றோர் உண்டு. இக்குடும்பத்துத் தாய் அதற்கு இடம் தரவில்லை. முதலாண்டு ஓர் ஏக்கரில் மட்டுமே குழி வெட்ட வேண்டும் என்றும், மற்றோர் ஏக்கரில் மரவள்ளி தொடர வேண்டும் என்றும், கன்றுகளின் இடைவெளியில் நிலக்கடலையும் உளுந்தும் தட்டைப்பயறும் விதைக்க வேண்டும் என்றும் அவர் உறுதியாய்க் கூறினார். வீட்டுக் கணக்கெழுதும் கை அவருடையது. ஆதலின் அச்சொல் நின்றது.

சித்திரையில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டராகக் குழி வெட்டி வெயிலில் ஆறவிட்டனர். பின்னர் மேல்மண்ணோடு மட்கிய எருவைக் கலந்து நிரப்பினர். நாமக்கல் வட்டாரத்தில் கோழி எருவுக்குக் குறைவில்லை. ஆயினும் அதனைப் பச்சையாக இட்டால் வேர் வெந்துவிடும். நன்கு மட்கிய பின்னரே இட்டனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் கன்று ஊன்றினர். முதல் இரண்டு கோடைகளில் மகனும் மகளும் குடத்தில் நீர் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினர். ஆடு புகாமல் கிளுவை வேலியின் இடைவெளிகளை முள்ளால் அடைத்தார் பாட்டனார்.

இத்தோப்பில் ஒன்றில் மட்டும் சிறிதும் கவனக்குறைவு கூடாது. நாவல் உயர்ந்தோங்கும் இயல்பினது. அதன் கொம்போ எளிதில் முறிவது. பழம் பறிக்க ஏறி வீழ்ந்து உயிரிழந்தோர் பலர். விருந்தினராய் வரும் சிறுவன் ஒருவன் கொம்பிலேறி வீழ்ந்தால், தோப்பின் கதை அன்றோடு முடியும். எனவே, கன்று இடுப்பளவு வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளி, நாற்புறமும் கிளை பரப்பச் செய்தனர். பழக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் கவாத்துச் செய்து, நின்றபடியே கைக்கெட்டும் உயரத்தில் மரத்தை நிறுத்தினர். இதனால் விளைச்சல் குறையும் என்பதை அறிந்தே செய்தனர்.

மாசி, பங்குனியில் பூக்கும். தேனீக்கள் நிறைய வரும். வைகாசி இறுதியில் முதற்கனி கறுக்கும். ஆனி, ஆடி மாதங்களில் தோப்பின் வாயில் திறந்திருக்கும். சேலத்திலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குடும்பங்கள் காலையில் வருகின்றன. மகள் ஒவ்வொருவருக்கும் ஓலைக்கூடை கொடுத்து, முழுதும் கறுத்துச் சிறிதே மென்மையான பழத்தை மட்டும் திருகிப் பறிக்குமாறு காட்டுகின்றாள். சிவந்ததைப் பறித்தால் நமக்கும் துவர்ப்பு, மரத்திற்கும் இழப்பு. மரத்தடியில் வலை விரித்திருக்கின்றனர். ஔவையார் கதையில் மணலொட்டிய ‘சுட்ட பழம்’ சுவையாகலாம். தராசில் அதற்கு விலையில்லை. வலையில் வீழ்ந்து நசுங்கியவற்றைத் தாய் அன்றே பிழிந்து பழச்சாறு காய்ச்சுகின்றார். கொட்டையை உலர்த்தி மருந்துக்கென வாங்குவோர்க்கு விற்கின்றனர்.

வருவோர் பறிக்கும்போதே தின்பர். அதனை யாராலும் தடுக்க இயலாது. தந்தை இதற்கென ஒரு சிறு நுழைவுக் கட்டணம் வைத்தார். கூடையில் உள்ளதற்கே எடை. வயிற்றில் உள்ளதற்கு இல்லை. மாலையில் வாயிலருகே தராசின் முன் சிறுவர்கள் வரிசையாய் நிற்பர். “எத்தனை தின்றாய்?” என்று பாட்டனார் கேட்பார். “ஒன்றுமே தின்னவில்லை, தாத்தா” என்று சொல்லத் திறந்த வாயில், நாக்குக் கரு நீலமாய்த் தெரியும்.

ஆடி இறுதியில் பழம் அருகும். உச்சிக்கொம்பில் எஞ்சியவற்றைக் கிளிக்கும் வௌவாலுக்கும் விட்டுவிட்டு வாயிலை மூடுகின்றனர். மறுவாரம் மகன் கவாத்துக் கத்தியைத் தீட்டுகின்றான்.