திடப்படுத்தல் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு

வருகிற ஞாயிறு பேராயர் ஐயா வந்து உங்கள் தலையில் கை வைப்பார். ஐயர் பாடமெல்லாம் முடித்துவிட்டார். மிச்சம் இருப்பதை இந்தக் கிழவன் சொல்கிறேன்.

1. பரிசுத்தம் என்றால் வெள்ளை உடுப்பு, வெறுங்கழுத்து, சினிமா பார்க்காத கண் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எபிரெயத்தில் அந்தச் சொல் வேறாகப் பிரித்துவைத்ததைக் குறிக்கும். நற்கருணைக் கிண்ணத்தில் யாரும் தண்ணீர் மொண்டு குடிப்பதில்லை. அது ஒரு வேலைக்கென்று எடுத்துவைத்தது. எதிலிருந்து பிரிந்தோம் என்று மட்டும் பேசுகிறவர்கள், எதற்காக என்பதை மறந்துவிடுகிறார்கள். பரிசேயர் என்ற பெயருக்கும் பிரிந்தவர் என்றுதான் பொருள் சொல்வார்கள்.

2. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் உட்கார்ந்து படியுங்கள். பரிசுத்தராயிருக்கச் சொல்லித் தொடங்குகிற அதிகாரம் எங்கே போகிறது பாருங்கள்: வயலின் ஓரத்தை ஏழைக்கு விட வேண்டும், கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது, செவிடனைத் திட்டக் கூடாது, தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும். நான் வாலிபத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்தேன். பதனீர் காய்ச்சுகிற பெண்கள் ஓலைப்பெட்டியில் கொண்டுவருவார்கள். கழிவு என்று சொல்லி ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் எடையைக் குறைத்துக்கொள்வேன். எல்லா வியாபாரியும் செய்ததுதான். அதே வருஷங்களில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றேன். சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. என்னைப் பரிசுத்தவான் என்றார்கள். அந்தப் பெண்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

3. தானியேலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தைப் படித்தான், பாஷையைப் படித்தான், பெல்தெஷாத்சார் என்று அவர்கள் வைத்த பெயரைச் சுமந்தான், அரண்மனையில் உத்தியோகமும் பார்த்தான். ராஜாவின் சாப்பாட்டை மட்டும் தள்ளினான். அதையும் சண்டை போட்டுத் தள்ளவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். காலேஜுக்குப் போனால் கெட்டுவிடுவாய் என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துக்காட்டுங்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் கஷ்டம். எல்லாவற்றையும் தள்ளுவது சுலபம்.

4. செல்போன். ராத்திரி படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

5. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் விசாரித்துக்கொண்டு நிற்காமல் சாப்பிடலாம் என்று கொரிந்தியருக்குப் பவுலே எழுதியிருக்கிறார். அந்த வீட்டு அக்கா சாமிக்குப் படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். முகம் சுளிக்காதீர்கள். அந்த அக்கா அன்பினால்தான் கொண்டுவந்தாள்.

6. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம். நம் பக்கத்தில் வேதத்துக்கு வந்தவர்களை அடித்து விரட்டிய காலத்தில், தாவீது சுந்தரானந்தம் என்பவர் 1799-இல் அவர்களைக் கூட்டிக்கொண்டு முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார். உலகத்தைவிட்டுப் பிரிவது அவர்களுக்குக் குடிசையையும் கிணற்றையும் விடுவதாக இருந்தது. ஆனால் சாதி நம்மோடு கூடவே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதியை விட்டேயாக வேண்டும் என்று கட்டளை போட்டபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையையே விட்டு விலகினார்கள். இன்றைக்கும் கம்மல் போட்ட பிள்ளையை உலகப்பிரகாரமானவள் என்கிறோம். சொந்தச் சாதியில் நூறு பவுனோடு பெண் தேடுகிறவரைச் சேகரக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கிறோம். நானும் அந்தக் கமிட்டியில் இருந்தவன்தான். உங்கள் கல்யாணப் பேச்சு வரும்போது வாயைத் திறங்கள்.

7. ஞாயிற்றுக்கிழமைக்கென்று கடன் வாங்கி உடுப்பு எடுக்க வேண்டாம். என் பேரன் போட்ட வெள்ளைச் சட்டையும் பேத்தியின் முக்காடும் பெட்டியில் இருக்கின்றன. அளவு சரியாக இருக்கிறதா என்று சனிக்கிழமை சாயங்காலம் வந்து போட்டுப் பாருங்கள்.