சுக்கான் தட்டும்வரை

ஆட்டுக் கொட்டகை போட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தகரத்தின் விலையைத்தான். நான் கேட்பது மண்ணைப் பற்றி. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் நிலம் சுத்தக் கரிசல். ஐப்பசி மழைக்கு ஊதும். சித்திரை வெயிலுக்குக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலாக்கில் கால் ஊன்றினால், இரண்டு மழைக்குள் ஒரு கால் தூக்கிவிடும், இன்னொன்று இறங்கிவிடும். கூரையில் என்ன செலவு செய்தும் பிரயோஜனமில்லை.

நான் சிவகாசியில் அச்சகத் தொழிலாளி. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானால், மார்கழி வரை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருப்பதாகச் சொல்ல முடியாது. பட்டாசு வேலைக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்ததும் ஓய்வு, ஆனால் அது மழைக்காலம். எங்களுக்குக் கை ஓய்வது தை பிறந்த பிறகு. குழி தோண்டவும் அதுவே தோதான காலம். ஈரம் முழுக்கக் காயாததால் கடப்பாரை இறங்கும். பங்குனிக்குத் தள்ளினால் அதே மண் பாறையாகிவிடும். ஆகவே தை, மாசியில் குழியும் காலும். பங்குனி, சித்திரையில் கூரை. ஆடிக் காற்றுக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் இருபது ஆடு நிற்கும். வாங்கும் ஆடு பால்கன்னியா, செங்கன்னியா என்ற சண்டையை வீட்டில் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காலை, மாலை வெயில் குறுகின பக்கத்தில் மட்டும் படும். மூலை பிடிக்கக் கொத்தனார் வேண்டாம். ஒரு கயிற்றில் 3 அடி, அடுத்ததில் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும்.

குழிக்கு அடி கணக்குச் சொல்ல மாட்டேன். கரிசல் முடிந்து வெள்ளையாகச் சுக்கான் கல் தட்டும்வரை தோண்ட வேண்டும், சில இடத்தில் இடுப்பளவு போகும். முக்கியமான விஷயம், தோண்டி எடுத்த கரிசலைத் திரும்பக் குழியில் போடாதீர்கள். சரளையைப் போட்டு, தண்ணீர் விட்டு, அரையடிக்கு அரையடி திமிசு போட்டு இறுக்குங்கள். கரிசல் ஊதும்போது காலைப் பிடித்து இழுப்பது பக்கத்து மண்தான். சுற்றிலும் சரளை இருந்தால் அதற்குப் பிடி கிடைக்காது. தரையையும் சரளையால் ஓரடி உயர்த்த வேண்டும். ஆடு சேற்றில் நின்றால் குளம்பு அழுகும்.

காலுக்கு நான் எடுத்தது கல்தூண். கரையானும் ஈரமும் அதை ஒன்றும் செய்யாது. மரக்கால்தான் வசதிப்படும் என்றால், மண்ணுக்குள் போகும் பாகத்தை நெருப்பில் கருக்கி, மண் மட்டத்துக்கு மேலேயும் ஒரு சாண் தார் பூசுங்கள். மரம் முதலில் இற்றுப்போவது மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த இடத்தில்தான். கைமரத்துக்குப் பனை மாதிரி வராது. ஆனால் 2021 வேளாண் பட்ஜெட்டுக்குப் பிறகு பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் விசாரித்தால் வைரம் பாய்ந்த பனங்கை கிடைக்கும்.

ஓலைக் கூரைதான் குளிர்ச்சி. ராக்கெட் எங்கே விழும் என்று தெரியாத ஊரில் அதை நான் யோசிக்கவேயில்லை. தகரம் போட்டு, சித்திரைக்கு முன் மேலே சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். நம் ஊர்க் காற்று மேற்கிலிருந்து வருவதால் தகரத்தைக் கிழக்குக் கோடியிலிருந்து போட்டுக்கொண்டு வாருங்கள். அப்போது மேலே ஏறும் விளிம்பு கிழக்கு பார்க்கும், காற்று அதற்குள் நுழைந்து தூக்காது. போல்ட்டைத் தகரத்தின் மேட்டில் அடியுங்கள்; பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். தகரம் ஏற்றும் நாளுக்கு மட்டும் நாலு பேர் வேண்டும். மச்சினனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கொட்டகை எழும்பியதும் பட்டாசு வேலைக்கு இடம் தேடி ஒருவர் வருவார். "அண்ணாச்சி, சும்மாதான கெடக்கு, ரெண்டு மாசத்துக்கு விடுங்க, திரி மட்டும்தான்." வாடகை ஆசை காட்டும். லைசென்ஸ் உள்ள பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர் என்ற கணக்கும், அறைக்கு அறை இடைவெளியும் எதற்கு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, அப்படி அறை அறையாகப் பிரித்த வளாகத்திலேயே முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒற்றைத் தகரக் கொட்டகையில் வெடித்தால் ஓட ஏது வழி? வழக்கும் இடத்துக்காரர் மேல் சேர்ந்து பாயும்.

நாலு பக்கமும் தகரம் அடைத்த கொட்டகையைத்தான் திரி வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆட்டுக்கு அந்த அடைப்பு வேண்டாம். இரண்டடிச் சுவர், மேலே கம்பி வலை, ஆடி மாதத்துக்கு மட்டும் மேற்குப் பக்கம் சாக்குப் படுதா.