படகுப் பொறியும் திரையும் பேசும் மொழி

கடலோடிக்குத் தன் பொறியின் நிலையை அறிதல் உயிர்க்காப்பாகும். குளிர்நீர் தடைப்பட்டுப் பொறி சூடேறுவதையும் எரிபொருள் செலவாகும் அளவையும் அறியானாயின், அவன் கரைசேர்தல் அரிதாகும். புதிய அவுட்போட் பொறிகளில் அமைந்த கணினி இவற்றை இடையறாது அளக்கின்றது. அவ்வளவுகளைப் படகின் வழிகாட்டித் திரையிலே தோன்றச் செய்யும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

தமிழிலக்கணத்தை எழுத்து, சொல், பொருள் என வகுத்துக் கற்கின்றோம். கருவிகளின் உரையாடலையும் அவ்வாறே நோக்கலாம். கம்பியிற் செல்லும் மின்துடிப்பு எழுத்து. துடிப்புகள் கூடியமையும் செய்தி சொல். அச்செய்தி குறிக்கும் அளவு பொருள்.

முதற்கண் எழுத்து. அமெரிக்கத் தேசிய கடல் இலத்திரனியற் சங்கம் 1983இல் வகுத்த 'என்.எம்.ஈ.ஏ. 0183' முறையில், ஒரு கம்பியில் ஒரு கருவி பேச ஏனையவை கேட்கும். பின்னர், மோட்டார் வண்டிகளுக்கென பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகஞ் செய்த 'கான்' முறை வந்தது. இதிலே எல்லாக் கருவிகளும் ஒரே கம்பியிற் பேசலாம். இரண்டு ஒருங்கே தொடங்கின், முதன்மை பெற்ற செய்தி தொடர, மற்றையது காத்திருக்கும். இதன்மீது எழுந்ததே 'என்.எம்.ஈ.ஏ. 2000'. செக்கனுக்கு 2,50,000 துணுக்குகள் இதிற் செல்லும்.

இனிச் சொல்லும் பொருளும். 127488 என்னும் எண் தாங்கிய செய்தி பொறியின் சுழற்சி வேகத்தைக் கூறும். 127489 வெப்பநிலை, எண்ணெய் அமுக்கம், எரிபொருட் செலவு ஆகியவற்றைக் கூறும். ஆங்கிலமும் மலாயும் ஒரே உரோம எழுத்தால் எழுதப்படினும், ஒன்றறிந்தார்க்கு மற்றையது விளங்காதன்றோ? அதுபோலவே யமஹாவின் 'கொமாண்ட் லிங்க்', மேர்க்குரியின் 'ஸ்மார்ட்கிராஃப்ட்' ஆகியனவும் கான் முறையைத் தழுவியும் தமக்கெனச் சொற்களை உடையன. ஆகவே கம்பியை நேரே முடிந்துவிடுதல் தகாது. இடையே மொழிபெயர்க்கும் இணைப்புக் கருவி வேண்டும்.

வலையை அமைக்குமிடத்து ஒரு தாய்க்கம்பியும், அதிலிருந்து 6 மீற்றருக்கு மேற்படாத கிளைக்கம்பிகளும் வேண்டும். தாய்க்கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருத்தல் வேண்டும். இன்றேல் துடிப்பு முனையில் மோதி எதிரொலித்துச் செய்தியைக் குழப்பும். மின்சாரத்தை நிறுத்தி, செய்திக்கம்பிகள் இரண்டிற்குமிடையே தடையை அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டின் ஒரு முனைத்தடை இல்லை. 40 காட்டின் ஒன்று மிகை. சமாந்தரத் தடைக் கணக்கைக் கற்ற மாணவர் இதன் காரணத்தைத் தாமே கண்டறிவர்.

நம் கரைகளில் இயங்கும் மண்ணெண்ணெய்ப் பொறிகளில் இத்தகைய கணினி வலை இல்லை. எனினும், புதுப்பொறி வாங்க எண்ணுவோரும் அதனைப் பழுதுபார்க்கக் கற்போரும் இவ்விலக்கணத்தை அறிதல் நன்று. அறிந்தபின்னும் ஒன்றை மறத்தலாகாது: பொறியின் எச்சரிக்கை ஒலியையும், அதன் பக்கத்தே பீச்சும் குளிர்நீரையும் கவனித்தே படகைச் செலுத்தல் வேண்டும். திரை கண்ணுக்குத் துணையேயன்றி மாற்றன்று.